வள்ளத்து வயர்லெஸ்ஸுக்கு ஆன்டெனா மாத்துனது: 3 டிபியா 6 டிபியா

மச்சானுக்கு மணப்பாடு பக்கம் ஃபைபர் வள்ளம். அதுல 25 வாட் மரைன் விஹெச்எஃப் செட்டு ஒண்ணு இருக்கு, கடக்கரையில எல்லாரும் வயர்லெஸ்னு தான் சொல்லுவாங்க. கொஞ்ச நாளாவே அதுல ஒரு கோளாறு, அடுத்த போட்டுக்காரன் பேசுறது கணீர்னு கேக்குது, இவங்க பேசுனா ஏழெட்டு கிலோமீட்டர் தாண்டுன உடனே கரகரனு போயிடுது, "ஏல மைக்க வாய்கிட்ட வச்சுப் பேசுல"னு அந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் போடுதாங்க. செட்டு போச்சுன்னே மச்சான் முடிவு பண்ணிட்டாரு. புது செட்டு வாங்குற காச எண்ணிட்டு இருந்தவர நிறுத்தி வச்சு முதல்ல அளந்து பாப்போம்னு சொன்னேன், நான் செல்போன் டிவி ரிப்பேர் பாக்குறவன், ஆன்டெனா விஷயத்துல ஒரு கிறுக்கும் உண்டு.

நல்லா கேக்குது ஆனா போக மாட்டேங்குதுன்னா ஆன்டெனா சரியா இருக்குனு தான் நிறைய பேரு நினைக்காங்க. அப்படி இல்ல. கேபிள்லயும் ஆன்டெனாவுலயும் சிக்னல் வீணாப் போனா வர்றதுலயும் போறதுலயும் ஒரே அளவு தான் வீணாகும். நம்ம காதுல விழுற விசைப்படகுக்காரன் உசரமான கம்பத்துல ஆன்டெனா வச்சு முழு 25 வாட்டுல பேசுறான், அதுல முக்கால்வாசி தொலைஞ்சாலும் மிச்சம் நல்லாவே கேக்கும். தொலைஞ்சு போன சின்ன குரல் எல்லாம் நமக்குக் கேக்கவே இல்லங்குறது நமக்கு எப்படித் தெரியும்?

ஆன்டெனாவத் தொடுறதுக்கு முன்னாடி பேட்டரி. செட்டுக்குப் பின்னால வயர் சேருற இடத்துலயே மல்டிமீட்டர வச்சுட்டு மைக் பட்டன அமுக்கச் சொன்னேன். 25 வாட்டுல பேசும்போது செட்டு 5, 6 ஆம்பியர் இழுக்கும், வயர் ஒல்லியா இருந்தாலோ ஃபியூஸ் ஹோல்டர் பச்சை புடிச்சு இருந்தாலோ வோல்ட் அங்கேயே படுத்துடும், கேக்குறதுக்கு கரண்ட் ரொம்ப கம்மிங்குறதால கேக்குறது மட்டும் நல்லாத்தான் இருக்கும், அதனால ஆன்டெனா கோளாறு மாதிரியே தெரியும். இங்க 12.6 இருந்தது பட்டன அமுக்குனா 12.1, பரவால்ல. பேட்டரி மேல பழி இல்ல.

அடுத்து ஆன்டெனா. பழசு வெள்ளை ஃபைபர் குழாய், 8 அடி, 6 டிபினு (டெசிபல், சிக்னல் எவ்வளவு கூடுது குறையுதுங்குற அளவு) போட்டது, வள்ளத்து ஓரத்துல ஒரு மடக்குற மவுன்ட்ல நிக்குது. கையில புடிச்சா சுணை மாதிரி அரிக்குது, வெயில்ல மேல்பூச்சு போயி கண்ணாடி நார் வெளிய வந்துடுச்சு. உச்சியில இருக்குற மூடி விரிசல். கழட்டி தலைகீழா புடிச்சா உள்ளேர்ந்து தண்ணி சொட்டுது. இதுக்கு மேல என்ன அளக்கணும்னு மச்சான் கேட்டாரு, ஆனா எனக்கு கேபிள் மேல தான் சந்தேகம் ஜாஸ்தி.

நானோவிஎன்ஏனு ஒரு சின்ன கருவி இருக்கு, உள்ளங்கை சைஸ், ஆன்டெனா அளக்க அருமையான சாமான், எவ்வளவு சிக்னல் ஆன்டெனாவுக்குள்ள போகாம திரும்பி வருதுங்குறத எஸ்டபிள்யூஆர்னு ஒரு நம்பரா காட்டும், 1 தான் சிறப்பு, கூடக் கூட மோசம். (பழைய 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவுக்கு விக்கிற எஸ்டபிள்யூஆர் மீட்டர இதுக்கு நம்பாதீங்க, 156 மெகாஹெர்ட்ஸ்ல அது வாய்க்கு வந்ததச் சொல்லும்.) காலிபரேஷன் பண்ணிட்டு 155லேர்ந்து 163 வரைக்கும் ஓட விட்டேன். செட்டு சொருகுற முனையில வச்சு அளந்தா 16ஆம் சேனல்ல, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ்ல, எஸ்டபிள்யூஆர் 1.6. யாரக் கேட்டாலும் நல்லா இருக்கும்பா விட்டுடுன்னு தான் சொல்லுவாங்க, 2க்குக் கீழ இருந்தா ஓகேங்குறது தானே எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. இந்த குழாயோட கேபிள் அடியிலயே கனெக்டர்ல முடியுற டைப், அதனால அடுத்து 6 மீட்டர் நீட்டிப்பு கேபிளக் கழட்டிட்டு ஆன்டெனாவ நேரா அளந்தேன், 4க்கு மேல நிக்குது!

விஷயம் இது தான். ஆன்டெனாவுலேர்ந்து திரும்பி வர்ற சிக்னல் கேபிள் வழியா தானே வரணும், கேபிள் மோசமா இருந்தா அது வர்ற வழியிலயே சூடாகிக் கரைஞ்சுடும், மீட்டருக்கு ஒண்ணும் வந்து சேராது, மீட்டரு ஆஹா எதுவும் திரும்பலயேனு நல்ல நம்பர் காட்டும். நனைஞ்ச கேபிள் கெட்ட ஆன்டெனாவ மறைச்சுக் குடுக்கும். அதனால கேபிளத் தனியா அளக்கணும், மறுமுனைய ஒண்ணும் சொருகாம திறந்து விட்டுட்டு ரிட்டர்ன் லாஸ் (போன சிக்னல் திரும்பி வரும்போது எவ்வளவு குறைஞ்சுருக்குங்குறது) பாத்து அதுல பாதி, அது தான் ஒரு வழி இழப்பு. இங்க 8 டிபிக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு, பாதி 4 டிபி. ஒல்லி ஆர்ஜி-58 கேபிள் புதுசா இருந்தா 6 மீட்டருக்கு 1.2 டிபி கிட்ட தான் போகணும். 4 டிபின்னா 25 வாட்டுல 10 வாட் தான் ஆன்டெனாவுக்கே போய்ச் சேருது, எஸ்டபிள்யூஆர் 4ல அதுலயும் மூணுல ஒரு பங்குக்கு மேல திரும்பிடும், மிச்சம் ஆறு வாட். 25 வாட் செட்டு வாங்கி வச்சுட்டு கையில புடிக்கிற செட்டோட பவர்ல தான் இவ்வளவு நாளும் பேசிட்டு இருந்துருக்காங்க.

கேபிள வெட்டிப் பாத்தேன். கனெக்டர்லேர்ந்து ஒரு முழம் தாண்டியும் நடுக்கம்பியச் சுத்தி இருக்குற பின்னல் கம்பி கருப்பா இருக்கு. உப்புத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போனா போதும், பின்னல் வழியா ஊறி ஊறி மேல ஏறிட்டே போகும். நுனிய மட்டும் வெட்டிட்டு புது கனெக்டர் போட்டுக்கலாமேன்னு மச்சான் கேட்டாரு, வெட்ட வெட்ட கருப்பு தான் வருது. தூக்கிப் போட்டாச்சு.

இப்ப புதுசு என்ன வாங்குறது. மச்சான் கடையில விசாரிச்சுட்டு வந்தாரு, 9 டிபி ஒண்ணு இருக்காம், 6 டிபிய விட தூரம் போகுமாம். பெரிய கப்பலுக்கு அது சரி. நம்ம வள்ளத்துக்கு ஏன் சரியில்லன்னா, ஆன்டெனா சிக்னல உண்டாக்குறது இல்ல, இருக்குற சிக்னல மேலயும் கீழயும் போக விடாம நசுக்கி பக்கவாட்டுல தள்ளுது, தோசை மாவ மெல்லிசா இழுத்து விட்டா அகலம் கூடுமே அந்த மாதிரி. டிபி கூடக் கூட தட்டையாகும். 3 டிபி ஆன்டெனாவுக்கு மேல கீழ விரிவு 80 டிகிரி கிட்ட, 6 டிபிக்கு 35, 40 டிகிரி, 9 டிபிக்கு 20 டிகிரி மாதிரி வரும். கச்சான் காத்துல வலை இழுத்துட்டு இருக்குற வள்ளம் 20, 25 டிகிரி சாயுறது சாதாரணம். சாயும்போது 9 டிபியோட தட்டு ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் தண்ணிக்குள்ளயும் போகும், பேச்சு வந்து வந்து போகும். காத்தும் அலையும் இல்லாத நாள்ல எந்த ஆன்டெனா வச்சாலும் பேசிடலாம், காத்து அடிக்கிற அன்னைக்கு தான் பேசணும், அன்னைக்கு தான் அது சொதப்பும்.

அப்புறம் அந்த டிபி நம்பரே கொஞ்சம் தாராளமா போட்டது தான். அரை அலைநீள ஆன்டெனாவுக்கு கணக்குப்படி 2.15 டிபிஐ (எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரப்புற கற்பனை ஆன்டெனாவோட ஒப்பிட்ட டிபி) தான் வரும், அதத் தான் 3 டிபினு பெட்டியில அடிச்சு விக்காங்க. எதோட ஒப்பிட்டு 3னு போடவே மாட்டாங்க. அதனால ரெண்டு கம்பெனி நம்பர பக்கத்துல வச்சு ஒப்பிடுறதுல அர்த்தமே இல்ல, நீளத்தப் பாருங்க, நீளம் பொய் சொல்லாது. 16ஆம் சேனல்ல அலைநீளம் 1.91 மீட்டர், அதுல பாதி 96 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு உண்டான கம்பியில 6 டிபினு ஒருத்தன் போட்டுருந்தான்னா அவன் கடைய விட்டு வந்துடுங்க.

தூரத்த முடிவு பண்றது பெரும்பாலும் உசரம் தான். விஹெச்எஃப் கிட்டத்தட்ட நேர்கோட்டுல போறது, கடல் வளைவு மறைச்சா முடிஞ்சுது. கணக்கு சுலபம், ஆன்டெனா உசரத்த மீட்டர்ல எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல பெருக்குனா கிலோமீட்டர் வரும், ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா போட்டு கூட்டிக்கணும். பழைய ஆன்டெனா ஓரத்துல நின்னப்ப அதோட நடு தண்ணியிலேர்ந்து 2 மீட்டர் இருக்கும், அதே மாதிரி இன்னொரு வள்ளத்தோட பேசுனா 11.7 கிலோமீட்டர். ரெண்டு பேரும் 4 மீட்டர்ல வச்சா 16.5. கரையில 50 மீட்டர் டவர் வச்ச ஸ்டேஷன்னா அவங்க பக்கமே 29 கிலோமீட்டர் வந்துடும், நம்ம 2 மீட்டர 4 ஆக்குனா மொத்தம் 35லேர்ந்து 37 ஆகும், அவ்வளவு தான். நமக்கு லாபம் வள்ளத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவுல, கடல்ல இன்ஜின் நின்னு போனா முதல்ல கூப்பிடப் போறதும் பக்கத்து வள்ளத்த தானே.

அதனால நான் சொன்னது, நீளத்த ஆன்டெனாவுல போடாதீங்க மச்சான் கம்பத்துல போடுங்க. 8 அடி 6 டிபி குழாய்க்குப் பதிலா ஒரு மீட்டர் 3 டிபி ஆன்டெனா, அதத் தூக்கி லைட்டு கட்டுற கம்பத்து உச்சியில வைக்கிறது. அவருக்கு முதல்ல மனசே இல்ல, இவ்வளவு சின்னதானு கேட்டாரு. பாய்மரப் படகுக்காரங்க உலகம் பூராவும் மரத்து உச்சியில இந்த ஒரு மீட்டர் கம்பி தான் வைக்காங்கன்னு சொன்னேன், அவங்க படகும் நல்லா சாயுறது தானே.

ஒரு மீட்டர்லயும் ரெண்டு ஜாதி. ஒண்ணு குட்டி ஃபைபர் குழாய், இன்னொண்ணு கீழ ஒரு டப்பாவுக்குள்ள காயில், மேல ஸ்டீல் விப்பு, அதாவது வளையுற ஒல்லிக் கம்பி. நான் விப்பு பக்கம். வலைக்கயிறு தட்டுனா வளைஞ்சு நிமிந்துக்கும், குழாயா இருந்தா விரிசல் விடும். காத்து புடிக்காது. கம்பி மட்டும் போனா கம்பி மட்டும் மாத்தலாம். கேபிள் டப்பாவுக்கு அடியில கனெக்டர்ல சொருகுற மாதிரி இருக்கணும், சில குழாய் ஆன்டெனாவுல கேபிள் உள்ளயே ஒட்டி வரும், கேபிள் போனா ஆன்டெனாவும் குப்பை. கம்பி 316 ஸ்டீலானு கேட்டு வாங்குங்க, 304 உப்புக்காத்துல செம்புள்ளி புடிக்கும், காந்தம் வச்சுப் பாத்து இது ரெண்டையும் பிரிக்க முடியாது.

ஃபைபர் வள்ளத்துக்கு வாங்கும்போது இன்னொண்ணு முக்கியம், ஆன்டெனாவுக்கு கீழ இரும்புத் தரை வேணுமா வேண்டாமா. கார் கூரையில வைக்கிற 48 சென்டிமீட்டர் கால் அலை ஆன்டெனா இருக்கே, அதுக்கு கார் கூரை தான் மறுபாதி. பக்கத்து வள்ளத்துல ஒருத்தர் அந்த காந்த ஆன்டெனாவ வாங்கிட்டு வந்து ஃபைபர்ல காந்தம் ஒட்டலயேனு ஒரு குக்கர் மூடி மேல ஒட்டி வச்சுருக்காரு. ஐடியா பிடிச்சுது, ஆனா சுத்திலும் அர மீட்டர் தகடு இருந்தா தான் அது ஒழுங்கா வேல செய்யும், குக்கர் மூடி பத்தாது. அரை அலை ஆன்டெனாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம் 144, 146 மெகாஹெர்ட்ஸுக்கு டியூன் பண்ண ஹாம் ஆன்டெனாவயும் விஹெச்எஃப்னு தான் கடையில குடுப்பாங்க, 156லேர்ந்து 162னு எழுதிருக்கானு பாத்துக்குங்க.

கேபிளுக்கு ஆர்ஜி-213 எடுத்தோம், 8 மீட்டர். 10 மில்லிமீட்டர் தடிமன், வளையாது, மச்சான் திட்டிக்கிட்டே தான் பைப்புக்குள்ள விட்டாரு. 8 மீட்டருக்கு இழப்பு 0.7 டிபி கிட்ட, அதாவது 21 வாட் மேல போகும். ஆர்ஜி-58ல 17 வாட், நடுவுல இருக்குற ஆர்ஜி-8எக்ஸ்ல 19. உண்மையச் சொன்னா இந்த வித்தியாசம் எல்லாம் காதுக்குத் தெரியாது, நான் 213 எடுத்தது அதுக்குள்ள இருக்குற கெட்டி பிளாஸ்டிக்குக்காக, 8எக்ஸ்ல நுரை மாதிரி இருக்கும், தண்ணி போனா ஊறிக்கும். நிறைய வள்ளத்துல டிஷ் டிவி கேபிள் ஓடுது, அத எல்லாரும் கேலி பண்றாங்க, ஆனா அந்த 75 ஓம் கேபிளோட இழப்பு ஆர்ஜி-58ஐ விடக் கம்மி தான், செட்டும் ஆன்டெனாவும் 50 ஓமுக்கு செஞ்சது, ஓம் மாறுறதால செட்டுகிட்ட எஸ்டபிள்யூஆர் கேபிள் நீளத்தப் பொறுத்து 1லேர்ந்து 2.25 வரைக்கும் வரலாம், பெரும்பாலும் செட்டு அதத் தாங்கும். அது தோக்குறது வேற இடத்துல, பின்னல் அலுமினியம், ஈயம் புடிக்காது, உப்புக்காத்துல கொஞ்ச நாள்ல வெள்ளப் பொடியா கொட்டிடும்.

கேபிள் நீளத்த வெட்டுனா டியூனிங் போயிடும்னு கடைக்காரர் சொன்னாரு. 50 ஓம் ஆன்டெனாவுக்கு 50 ஓம் கேபிள்னா நீளம் எதுவா இருந்தாலும் ஒண்ணு தான், தேவைக்கு வெட்டிக்கலாம்.

மவுன்ட்ல ஒரு வேடிக்க. மரைன் ஆன்டெனாவுல நிறைய 1 இன்ச் மவுன்ட் தான், இன்ச்சுக்கு 14 திரெட். குழாய்க்கடையில 1 இன்ச் சாக்கெட் கேட்டா குடுப்பான், அது இன்ச்சுக்கு 11 திரெட், சுற்றளவும் வேற, கிட்டயே வராது. முக்கால் இன்ச் குழாய் திரெட்டு 14 தான், பாத்தா அப்படியே பொருந்துற மாதிரி இருக்கும், ஆனா 1 மில்லிமீட்டர் தடிமன் ஜாஸ்தி, முறுக்குனா ரெண்டு சுத்துல புடிச்சு ஆன்டெனா அடிப்பாகம் வெடிக்கும். நம்ம விப்புக்கு எல் பிராக்கெட் கூடவே வந்துச்சு, யூ போல்ட் போட்டு ஜிஐ பைப் உச்சியில முடிச்சாச்சு. விப்பு முழுசும் பைப்புக்கு மேல நிக்கணும், பைப்புக்குப் பக்கத்துல சேந்தாப்புல நிறுத்துனா பைப்பும் ஆன்டெனாவா மாறி டியூன் எல்லாம் நகந்துடும். கொடி, லைட்டு வயரு எதையும் விப்புல கட்டாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, கேப்பாங்களானு தெரியல.

கனெக்டர் பிஎல்-259. வீட்டுல உக்காந்து தான் பத்த வச்சேன், கடக்கரைக் காத்துல 213ஓட பின்னல் சூடே ஏறாது, 100 வாட் அயர்ன் வேணும். உள்ள வெள்ளையா டெஃப்லான் இருக்குற கனெக்டர் வாங்குங்க, சாதா பிளாஸ்டிக் உருகி நடு ஊசி சாஞ்சுடும், நிக்கல் பூச்சுல ஈயம் ஒட்டவும் ஒட்டாது, வெள்ளிப் பூச்சு கொஞ்சம் விலை தான் ஆனா தொட்ட உடனே புடிக்குது. முடிஞ்ச உடனே மல்டிமீட்டர்ல நடுவும் பின்னலும் ஒட்டலனு பாத்துக்கணும், அதையும் ஆன்டெனாவ சொருகாம பாக்கணும். ஏன்னா இந்த விப்புல காயில் இருக்குறதால ஓம்ல வச்சா ஷார்ட்டுனு தான் காட்டும், அது கோளாறு இல்ல, அப்படித் தான் செஞ்சுருக்கான். இதப் பாத்துட்டு நல்ல ஆன்டெனாவத் திருப்பிக் குடுத்தவங்க உண்டு.

தண்ணி புகாம இருக்க, இழுத்தா தானா ஒட்டிக்கிற கருப்பு ரப்பர் டேப், கீழேர்ந்து மேல சுத்தணும், அப்ப தான் ஓடு வேஞ்ச மாதிரி தண்ணி வழிஞ்சு ஓடும். அதுக்கு மேல சாதா டேப் வெயிலுக்கு. மச்சான் பாத்ரூம் சிலிகான் டியூப எடுத்துட்டு வந்தாரு, புளிச்ச வாடை அடிக்கிற சிலிகான் வேண்டவே வேண்டாம், அதுலேர்ந்து வர்ற ஆசிட் செம்பத் தின்னுடும். பைப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி கேபிள ஒரு தொங்கலா விட்டுட்டேன், மழைத்தண்ணி அங்கேயே சொட்டிக்கும். கரை ஏத்தும்போது கம்பத்தப் புடுங்கிப் படுக்க வைக்கிற வழக்கம் இருக்கு, அதுக்கு அடியில கனெக்டர் வச்சு இணைக்கலாமான்னு யோசிச்சோம், இன்னொரு இணைப்பு இன்னொரு ஓட்டை, அதனால கேபிளையே ரெண்டு முழம் கூட விட்டு வட்டமா சுத்தி வச்சாச்சு.

இப்ப ஆன்டெனாகிட்ட எஸ்டபிள்யூஆர் 156.8ல 1.3, செட்டுகிட்ட 1.25. ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்குறது தான் எனக்கு சந்தோஷம்.

கடல்ல சோதிக்கும்போது 16ல போயி ஹலோ ஹலோனு கத்தாதீங்க, அது ஆபத்துக்கும் கூப்பிடவும் வச்சது, போட்டுக்கு போட்டு பேச 72, 77 இருக்கு. செட்ட 1 வாட்டுக்கு மாத்திட்டுப் பேசுறது தான் நல்ல சோதனை, 25ல எல்லாமே நல்லா இருக்குற மாதிரி தெரியும், 1 வாட்டுல தான் குறை இருந்தா வெளிய வரும். பக்கத்து ஊரு வள்ளத்தோட 1 வாட்டுலயே பத்து கிலோமீட்டருக்கு இரைச்சல் இல்லாம பேசுச்சு. 25ல போட்டா முன்னாடி கரகரத்த இடத்துல எல்லாம் தெளிவு. மச்சான் பெருமையில அன்னைக்கு பூராவும் பேசிட்டே இருந்தாரு, பேட்டரி தான் பாவம்.

ஒரு உபரி ஆன்டெனாவும் பண்ணி செட்டுப் பெட்டியில போட்டுருக்கேன். கம்பம் முறிஞ்சா உதவும். ஒல்லி கேபிள் 3 மீட்டர் தனியா வாங்குனேன், 213 இதுக்கு தோதுப்படாது, ஒரு முனையில பிஎல்-259, மறுமுனையில தோல உரிச்சு நடுக்கம்பி 46 சென்டிமீட்டர் மேல, பின்னல முறுக்கி அதே 46 சென்டிமீட்டர் கீழ, ரெண்டையும் ஒரு பிவிசி பைப்புல நேர்கோட்டுல டேப் போட்டு ஒட்டியாச்சு. கேபிள் நடுவுலேர்ந்து பக்கவாட்டுல வெளிய வரணும், கம்பியோட ஒட்டிட்டே கீழ இறங்கக்கூடாது. துடுப்புல கட்டித் தூக்குனா போதும். அளந்தப்ப 1.6 வந்துச்சு, அவசரத்துக்கு இதுவே தாராளம். மூடி உள்பக்கம் மார்க்கர்ல 16னும், கோஸ்ட் கார்டு நம்பர் 1554னும் எழுதி வச்சுருக்கேன், கரைகிட்ட டவர் கிடைச்சா போன்லயும் கூப்பிடலாமே.

அடுத்து பாக்க வேண்டியது மைக்கோட சுருள் வயரு, ஒரு இடத்துல தோல் வெடிச்சு உள்ள செவப்பு வயரு தெரியுது.